கன்வீனர் வாங்கிக் கொடுத்த லீவு

மனித குலத்தில் கன்வீனர் என்று ஓர் இனம் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வேறு இனம். அவர்கள் ஒரு தேர்தலில் பிறந்து அடுத்த தேர்தலில் சாகிறவர்கள். கன்வீனர் அப்படியல்ல. தாயின் வயிற்றிலேயே அவர் கன்வீனர். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்புக் குறைந்தால் நீங்களும் நானும் உப்புக் கேட்போம். அவர் எழுந்து நின்று, இலையில் உட்கார்ந்திருக்கும் பதினாறு பேரையும் சேர்த்து ஓர் உப்புக் கமிட்டி அமைத்து, பாயசம் வருவதற்குள் அதற்கு ஆலோசகர் இருவரையும் நியமித்துவிடுவார். உப்பு வராது. அதனால் என்ன? கமிட்டி வந்துவிட்டதல்லவா!

அவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் மூன்று பேனா இருக்கும், மூன்றாவது எழுதாது. கக்கத்தில் ஒரு ஃபைல் இருக்கும். அது தூங்கும்போதும் இருக்கும் என்று அவர் மனைவி சொல்லக் கேள்வி. எந்தக் காரியத்தைப் பற்றிக் கேட்டாலும் "செய்கிறேன்" என்று சொல்லமாட்டார். "பேசியாச்சு" என்பார். யாரிடம் பேசினார், அந்த ஆள் என்ன பதில் சொன்னார் என்றெல்லாம் கேட்பது மரியாதை இல்லை. பேசியாச்சு. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்வீனர் திருடன் இல்லை. பொதுக் காசில் பால்கூட விடாத ஒரு கட்டன் சாயா குடிக்கமாட்டார். குடித்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நாலு பேர் சேர்ந்து சட்டையைப் பிடித்திருக்கலாம். நல்லவனை எங்கேயய்யா பிடிப்பது?

எங்களுக்கு வாய்த்த கன்வீனரின் பெயர் சிலுவைராஜ். கேரள மலையில் ஏலப்பாறைக்கு மேலே நாலு மைல் ஜீப்பில் ஏறினால் குளிர்பாறை எஸ்டேட் வரும். அங்கே ஸ்டோர் கிளார்க். உரமும் கவாத்துக் கத்தியும் அளந்தும் எண்ணியும் கொடுப்பது உத்தியோகம். அதில் அவருடைய மூளையில் வீசம் பங்குகூடச் செலவாகாது என்பதால் மிச்சத்தை ஊருக்குக் கொடுத்துவிட்டார். நான் எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே குற்றத்துக்காக அவர் அமைத்த கமிட்டி அத்தனையிலும் ஜாயின்ட் செக்ரட்டரி.

எழுபத்தாறாம் வருஷம் நவம்பர் கடைசியில் கோட்டயத்துக்கு ஒரு சாவுக்குப் போனார் சிலுவைராஜ். போன இடத்தில் வாலிபால் போட்டி நடந்துகொண்டிருந்தது. செத்தவரைப் புதைத்தாரோ இல்லையோ, போட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த வாரமே அந்தோணியார் கோயில் மண்டபத்தில் கூட்டம்.

"எல்லாரும் பந்தப் பாத்தாவ. நான் பந்தப் பாக்கல," என்று ஆரம்பித்தார். "பந்தச் சுத்தி நடக்குத பொழப்பப் பாத்தேன். கேலரி கெட்ட அம்பது ஆளு. டீ குடுக்க இருவது ஆளு. டிக்கெட் கிழிக்க, கோடு போட, வந்தவுகளுக்கு எடம் காட்ட, காலு பிசகுனா கட்டுப்போட! மக்கா, ஒரு அகில கேரள டூர்ணமெண்ட் நம்ம மலைக்கு வந்துட்டா நம்ம புள்ளைக எதுக்குக் கூடையத் தூக்கிட்டு அட்டைக் கடியில நிக்கணும்? ஆளாளுக்கு ஒரு தொழில் படிச்சிரலாம். படிச்ச கைக்கு வேல தன்னால வரும்."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் என் பங்குக்கு மூக்கை உறிஞ்சினேன். டிசம்பர் இருபத்தாறு முதல் முப்பத்தொன்று வரை போட்டி. அதற்கு முன்பு, மாதம் பிறந்ததிலிருந்து, தொழிற்பயிற்சி முகாம். பயிற்சி முடித்தவர்களுக்குச் சான்றிதழ். எஸ்டேட்டில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழ் இருந்தால் முதல் இடம். எஸ்டேட் மேனேஜர் துரையிடம் பேசியாச்சு.

இந்தக் கடைசி வார்த்தை ஒருத்தி காதில் மட்டும் ஆழமாக இறங்கிவிட்டது. அவள்தான் மாரித்தாய்.

மாரித்தாயின் புருஷன் பெரியமுத்து எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி, ஜனவரியில் ஓய்வு. மாரித்தாயோ தற்காலிகம். எஸ்டேட் வரிசைக் குடியிருப்பான லயத்தில் அவர்கள் இருந்த வீடு பெரியமுத்துவின் வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை போனால் வீடும் போகும், வீட்டில் இன்னொருவர் நிரந்தரமாக இருந்தாலொழிய. மாரித்தாய் நிரந்தரமாவதற்கு வழி ஒன்றுதான். ஒரு நாள் வேலைக்குப் போய்ப் பதிவானால் அதை 'ஒரு பேர்' என்பது எங்கள் மலை வழக்கம். ஜனவரி முதல் டிசம்பர் வரை, ஒரு வருஷத்துக்குள், இருநூற்று நாற்பது பேர் விழவேண்டும்; விழுந்தவர்களிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள். டிசம்பர் முப்பத்தொன்று தாண்டினால் பழையதெல்லாம் போச்சு; மறுபடியும் ஒன்றிலிருந்து.

கூட்டம் முடிந்ததும் அவள் எங்களிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, நவம்பர் வரைக்கும் எரநூத்தி இருவத்திமூணு பேரு விழுந்திருக்கு. இன்னும் பதினேழு வேணும். ஞாயித்துக்கெழமையும் கிறிஸ்மஸும் போக டிசம்பருல இருவத்தியாறு நாளு. ஒம்பது நாளுதான் என் கையில மிச்சம். ஒம்பது நாளு மட்டும் பயிற்சிக்கி வாரேன். பத்தாவது நாளு கூப்பிடக் கூடாது. சர்ட்டிபிகேட் குடுப்பீகளா?"

"தாயி, ஒனக்கில்லாத சர்ட்டிபிகேட்டா?" என்றார் சிலுவைராஜ். "ஒம்பது நாளு போதும். ஒன் நல்லதுக்குத்தான் இந்த டூர்ணமெண்டே!"

கவனித்தீர்களா? அந்த மண்டபத்தில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பயிற்சி நடந்த அழகைச் சொல்லவேண்டும். விருந்தோம்பல் பிரிவுக்குக் கோட்டயத்திலிருந்து ஓர் ஓட்டல்காரர் வந்தார். பிறந்ததிலிருந்து தேயிலைக்குள்ளேயே கிடக்கும் பெண்களுக்குத் தேநீர் கொடுப்பது எப்படி என்று அவர் கற்றுக்கொடுத்தார். முப்பது கிலோ கொழுந்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வழுக்குப் பாறையில் ஓட்டமும் நடையுமாக இறங்குகிறவளிடம், ஆறு கப் வைத்த தட்டைக் கொடுத்து, "பயப்படாதே, மெதுவாக நட" என்றார். சிரிக்கவேண்டும், ஆனால் பல் தெரியக்கூடாது. இடது பக்கம் நின்று நீட்டவேண்டும். பாலுக்கும் சர்க்கரைக்கும் கமிட்டியில் இன்னும் ஒப்புதல் ஆகாததால் பயிற்சி முழுவதும் காலிக் கப்பில் நடந்தது. காலிக் கப்பை வாங்கிக் குடித்துவிட்டு "நன்று, நன்று" என்று சொல்லும் விருந்தினராக நான் ஒன்பது நாள் உட்கார்ந்தேன். கேலரிப் பிரிவு ஆண்கள் கமுகு மரத்தை எப்படிக் கட்டுவது என்று கரும்பலகையில் பார்த்தார்கள். முதலுதவிப் பிரிவு ஒருவரை ஒருவர் கட்டுப்போட்டு, அவிழ்க்கத் தெரியாமல் டிஸ்பென்சரிக்குப் போனது.

பத்தாம் தேதியோடு மாரித்தாய் தட்டைக் கீழே வைத்தாள். பதினோராம் தேதி, ஈரம் படாமல் இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு மஸ்டருக்குப் போய் நின்றாள். அதாவது, காலையில் வேலைக்கு வருகிறவர்களைப் பெயர் கூப்பிட்டு எழுதும் அந்தக் களத்தில். அதன் பிறகு ஒரு நாள்கூட அவள் வேலைக்கு மட்டம் போடவில்லை. இருபதாம் தேதி காய்ச்சல். அனல் பறக்கிறது. பெரியமுத்து, "போவாத புள்ள, செத்துக்கித்துத் தொலைஞ்சிராத" என்று வாசலை மறித்தாராம். "செத்தாலும் பேரு விழுந்த பெறகு சாவுதேன், வழிய விடும்" என்று போய்விட்டாளாம். லயமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டி வந்தது. ஆகா, வந்தது! தோரணம் என்ன, ஒலிபெருக்கி என்ன, ஏலப்பாறையிலிருந்து மேலே வரும் ஜீப்பில் முட்டுக்கு முட்டு ஆள் தொங்கியதென்ன! ஆனால் கேலரி கட்ட ஆட்கள் சமவெளியிலிருந்து லாரியில் வந்து இறங்கினார்கள். டீ போட ஒரு காண்ட்ராக்டர் தன் அண்டா, அடுப்பு, மச்சினன் சகிதம் வந்தார். டிக்கெட் கிழிக்கவும் அவர்களே ஆள் கொண்டுவந்தார்கள். மாரித்தாய் நீங்கலாகப் பயிற்சி பெற்ற எங்கள் ஐம்பத்திரண்டு பேரும் சட்டையிலும் சேலையிலும் பேட்ஜ் குத்திக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

"என்ன கன்வீனர், நம்ம ஆளுக?" என்று கேட்டேன்.

"அகில கேரளம் சார் இது! முன் அனுபவம் உள்ளவுகளத்தான் போட முடியும். நம்ம ஆளுகளுக்குப் பயிற்சி இருக்கு. அனுபவம் இல்லியே?"

"அனுபவம் எப்ப வரும்?"

"இந்த மாதிரி ரெண்டு டூர்ணமெண்ட் நடந்தா தன்னால வரும்."

இதற்கு மேல் கேட்க எனக்குத் தர்க்கம் போதவில்லை. உங்களுக்குப் போதுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தினமும் மூன்று மணிக்கு. நாலு மணிக்கு மஞ்சு என்னும் மூடுபனி இறங்கிவிடும். எங்கள் ஊர் மஞ்சைப் பற்றிக் கோழிக்கோட்டிலிருந்து ஆட வந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேலே போன பந்து மஞ்சுக்குள் போய்விடும். பன்னிரண்டு ஆட்டக்காரர்களும் கையைத் தூக்கிக்கொண்டு மழைக்குக் காத்திருப்பவர்களைப் போல நிற்பார்கள். அது எங்கேயோ ஒருவர் தலையில் விழுந்த சத்தத்தை வைத்து நடுவர் விசில் ஊதுவார். கேலரியில் இருந்தவர்கள் எதுவும் தெரியாமலேயே உயிர் போகக் கத்தினார்கள். அப்படி ஒரு சந்தோஷம். மூன்று மைல் தூரத்துக்கு அந்தச் சத்தம் கேட்கும். தேயிலைக்குள் தனியாக நின்று கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவளுக்கும் கேட்டிருக்கும்.

முப்பதாம் தேதி அரையிறுதி. நாலரை மணி. பந்தும் தெரியவில்லை, வலையும் தெரியவில்லை. சிலுவைராஜ் மைக்கைப் பிடித்தார்.

"என் அன்பான தொழிலாளத் தோழர்களே! நாளைக்கு இறுதிப் போட்டி. நீங்க மலையில கெடக்க, இங்க யாரோ பாக்கதுக்கா இந்தக் கப்பு? எனக்கு மனசு கேக்கல. துரை காலுல விழாத கொறையாக் கெஞ்சிட்டேன். நம்ம எஸ்டேட் தொறந்த நாளுலேருந்து ஞாயித்துக்கெழமைக்கும் கிறிஸ்மஸுக்கும் ஓணத்துக்கும் தவிர வேற எதுக்கும் அடைக்காத அந்த மஸ்டர், நாளைக்கு நமக்காக அடைக்குது. லீவு! எல்லாருக்கும் லீவு!"

அடேயப்பா! துண்டு பறந்தது, தொப்பி பறந்தது. கேலரி குலுங்கியதில் கட்டின காண்ட்ராக்டர் கீழே ஓடிப்போய் ஒரு கமுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது வயசுக் கிழவிகள் குலவையிட்டார்கள். கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். சிலுவைராஜ் கண்ணில் தண்ணீர். மனுஷன் வாழ்நாளில் செய்த ஒரே காரியம் அன்றைக்குத்தான் கைகூடியது. இந்த ஒரு தடவை அவர் பேசியிருந்தார், அந்தப் பேச்சும் பலித்துவிட்டது.

வேலை முடிந்து கூடையோடு அப்போதுதான் மாரித்தாய் மைதானத்துக்குள் வந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே மேடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எனக்கு எரநூத்தி முப்பத்தொம்பதாவது பேரு. நாளைக்கி நாப்பது. நாளைக்கி மஸ்டர் இல்லன்னா எனக்குப் பேரு எங்க விழும்?"

சிலுவைராஜின் முகம் சப்பென்று விழுந்தது. நல்ல மனுஷன் என்றேனே, உண்மையிலேயே விழுந்தது. மேடையில் முன் வரிசையில் இருந்த துரையிடம் ஓடினார். துரை கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "சிலுவைராஜ், லீவு வேணும்னு சோதிச்சது நீதானே? ஆயிரம் பேருக்கு லீவு சொல்லிட்டு, ஒரு ஆளுக்காக மஸ்டர் தொறக்கான் பற்றுமோ, முடியுமோ? நீ மைக்கில் லீவு இல்லன்னு சொல்லு. நான் தொறக்காம்."

மைக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதை எடுத்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லி வாழ்க போட்டுக்கொண்டிருந்தது. எத்தனை பேருக்கு வாழ்நாளில் அது கிடைக்கும், சொல்லுங்கள்? தொண்டையைச் செருமினார்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. கேலரியின் வடக்குப் பக்கம் யாரும் ஏறவேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். மாரித்தாய் என்னைப் பார்த்தாள். "ஒரு நாள்தானே, பேசிக்கலாம்மா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இதை எழுதும்போது என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

மறுநாள் காலை கோடு போடச் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு போகிறேன். அடைத்துக் கிடந்த மஸ்டர் களத்தில் அவள் ஒருத்தி மட்டும் நிற்கிறாள். படங்கு கட்டி, கூடை மாட்டி.

"வீட்டுக்குப் போங்கம்மா, யாரும் வரமாட்டாங்க."

"தெரியும் சார். வரலன்னா அது அவுக தப்பு. நிக்கலன்னா என் தப்புல்லா?"

எட்டு மணி வரை நின்றாளாம். அதன் பிறகு யாரும் அனுப்பாமலே மலைக்கு ஏறியிருக்கிறாள்.

இறுதிப் போட்டியில் மூன்றாவது ஆட்டம் முடிந்து நாலாவது தொடங்கும் இடைவேளை. பரிசுக் கப் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் துரை, சிறப்பு விருந்தினராக வந்த ஒரு பெரிய மனிதர், சிலுவைராஜ். மாரித்தாய் நேரே வந்தாள். தலையிலிருந்த கூடையை இறக்கி, கப்பை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த மேசையில் வைத்தாள். விளிம்பு வரை கொழுந்து. இரண்டு இலை ஒரு மொட்டு, ஒரு முரட்டு இலை கிடையாது.

"எடை போடுங்க அண்ணாச்சி," என்றாள். "எடை போட்டு, பேரையும் நீங்களே போடுங்க."

ஆயிரம் பேர் கூடிய மைதானம் சட்டென்று அடங்கிவிட்டது. துரை தரையைப் பார்த்தார். சிறப்பு விருந்தினருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தேடினார். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், என்னவோ நடந்துவிடும் போலத்தான் இருந்தது.

ஆனால் கன்வீனர் என்பவர் யார்? மௌனம் விழுந்த இடத்தில் மைக்கை வைக்கப் பிறந்தவர். சிலுவைராஜ் தன்னை அறியாமலே மைக்கை எடுத்துவிட்டார்.

"எஸ்டேட் தொழிலாளர்களின் சார்பில், நம்ம சிறப்பு விருந்தினருக்கு, நம்ம சகோதரி மாரித்தாய் ஒரு கூடைக் கொழுந்தை அன்பளிப்பாக வழங்குகிறார்!"

கை தட்டினார்கள் பாருங்கள்! மலை அதிர்ந்தது. சிறப்பு விருந்தினர் எழுந்து கூடையைத் தொட்டுக் கும்பிட்டார். ஏலப்பாறை ஸ்டூடியோக்காரர் ஓடிவந்து படம் எடுத்தார். படத்தில் எல்லாரும் சிரிக்கிறோம். அவள் மட்டும் துரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கொழுந்து சாயங்காலம் வரை மேசையிலேயே கிடந்து புழுங்கிக் கறுத்துவிட்டது.

ஜனவரி பிறந்தது. எஸ்டேட் ஆபீஸ் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே இருநூற்று முப்பத்தொன்பது. பெரியமுத்து ஓய்வு பெற்றார். பிப்ரவரி கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடுதாசி வந்தது. எங்கே போவார்கள்? பெரியமுத்துவின் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறியவர். எந்த ஊர் என்று பெரியமுத்துவுக்கே தெரியாது. அவர் பிறந்ததும் அந்த லயத்து வீட்டில்தான்.

பிப்ரவரி நடுவில் சிலுவைராஜ் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். உள்ளே பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியிருந்தது. மாரித்தாய் உட்காரச் சொன்னாள். உட்கார ஒன்றும் இல்லாததால் நின்றோம்.

"தாயி, எனக்கு ராத்திரி ஒறக்கம் இல்ல," என்றார். அவர் கண்ணைப் பார்த்தால் அது பொய் இல்லை என்று தெரிந்தது. "ஒனக்கு ஏதாவது செய்யணும்னு கெடந்து துடிக்கேன். அடுத்த டிசம்பருல அகில இந்தியப் போட்டியே கொண்டாரப் போறோம். பேசியாச்சு. பயிற்சி பெற்ற தொழிலாளர் பிரதிநிதின்னு ஒன்னைய மேடையில உக்கார வைக்கேன். மொத நாற்காலி ஒனக்கு. கண்டிப்பா வரணும்."

மாரித்தாய் சாக்கின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி முடித்தாள்.

"வாரேன் அண்ணாச்சி," என்றாள். "எந்த வீட்டுலேருந்து வரணும்னு மட்டும் சொல்லுங்க."

சிலுவைராஜ் வெளியே வந்து தேம்பித் தேம்பி அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தோளில் தட்டிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வளைவு திரும்புவதற்குள் மூக்கைச் சிந்திவிட்டு, ஃபைலைப் பிரித்தார்.

"சார், அடுத்த வருசம் லயத்தக் காலி பண்ணுதவுகளுக்குன்னு தனியா ஒரு பயிற்சி வைக்கணும். குறிச்சுக்கோங்க."

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? குறித்துக்கொண்டேன்.

சிலுவைராஜைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், என்னைப் பார்த்துக் காறித் துப்புகிறீர்கள். நியாயம்தான். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். ஒன்பது நாள்தான் அவள் கையில் மிச்சம் என்பதை உங்களுக்கும் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். அப்படியும், மைக்கில் "எல்லாருக்கும் லீவு" என்றதும், துண்டும் தொப்பியும் பறந்ததும், உங்களுக்குள்ளே ஒரு குஷி பிறந்ததா இல்லையா? பரவாயில்லை, வெட்கப்படாதீர்கள். அகில இந்தியக் கமிட்டியில் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது. நோட்டீஸ் நாளைக்கு அச்சுக்குப் போகிறது. உங்கள் இனிஷியல் என்ன?